டீச்சர் கொடுத்த சாவி

டீச்சர் என்று சொன்னால் போதும், அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையை விட்டு வருஷங்கள் ஓடிவிட்டன. கையில் சாக்பீஸ் கிடையாது, கரும்பலகை கிடையாது. ஆனாலும் யாராவது ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டால் அவர் புருவம் தானாக மேலே ஏறும். அந்தப் புருவத்துக்குக் கொடுத்த பட்டம்தான் டீச்சர். வாயைத் திறந்து திட்டியதாக ஒருவரும் சொல்ல முடியாது. திட்டவே தேவையில்லை, புருவமே பார்த்துக்கொள்ளும்.

அவர் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். பெண் பார்க்க வந்த அன்றே மனதில் இருந்ததைப் போட்டு உடைத்த மனுஷன்.

"எனக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கு. பிழைப்புக்கு அந்த வேலை. ஆனா போறது அதுக்கில்ல. அங்க ஒரு சபை ஆரம்பிக்கணும். நீங்க வர்றீங்களா?"

"அங்க இடம் இருக்கா?" என்று கேட்டார் டீச்சர்.

"இல்ல."

"ஆளுங்க இருக்காங்களா?"

"யாரையும் தெரியாது."

"அப்ப என்னதாங்க இருக்கு?"

"நீங்க வந்தா நீங்க இருப்பீங்க."

கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்கு எப்படிப் பிடித்துப்போனது என்று அவர் வீட்டில் இன்றுவரை ஆச்சரியம்தான். பிடித்துப்போனது. சொந்த ஊரில் அவர்களை அனுப்பிய சபை ஜெபம் பண்ணி, கண்ணீர் விட்டு, ஒரு ஸ்பீக்கர் பெட்டியையும் கொடுத்து வழியனுப்பியது.

வந்து இறங்கிய நகரத்தில், தமிழர் நிறைய இருந்த தெருவில், ஒரு துணி வெளுக்கும் கடைக்கு நேர் மேலே, கூட்டம் நடத்த ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. குடியிருந்த வீடு பஸ் ஏறிப் போகும் தூரத்தில். நீளமான அறை, ஒரே ஜன்னல், சுவரில் செத்துக் கிடந்த ஒரு ஏசி. வீட்டுக்காரர் முதல் வேலையாக அதற்கு உயிர் கொடுத்தார். இரண்டாவது வேலையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகளை வாங்கிப் போட்டார்கள். மூன்றாவதாக வரவேண்டியது ஜனங்கள். அதுதான் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டீச்சர் நாற்காலிகளை வரிசை பிசகாமல் போடுவார். வீட்டுக்காரர் முன்னால் நின்று பிரசங்கம் பண்ணுவார். கேட்பதற்கு டீச்சரும் நாற்காலிகளும். "கேஸ் இல்லாத ஏசி சத்தம் மட்டும் போடும், குளுமை வராது. அன்பு இல்லாத விசுவாசமும் அப்படித்தான்" என்று தன் தொழிலை வைத்தே அவர் அருமையாகப் பேசுவார். யாருக்கு? பல மாதம் இப்படியே போனது. கேட்ட பிரசங்கத்துக்கு அந்த நாற்காலிகள் எப்போதோ மனந்திரும்பியிருக்க வேண்டும். டீச்சர் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதது உண்டு. ஆனால் அடுத்த ஞாயிறும் நாற்காலி வரிசையில் ஒன்றுகூடக் குறையாது.

அந்த நாற்காலிதான் முதல் ஆளைக் கொண்டுவந்தது. ஒரு ஞாயிறு காலை கதவைப் படபடவென்று தட்டிக்கொண்டு ஓர் அம்மாள் வந்து நின்றார். கலைந்த கொண்டை, தூக்கக் கண். கீழே வெளுப்புக் கடையில் இஸ்திரி போடுகிறவர், கடைக்குப் பின்னாலேயே குடியிருக்கிறவர். டீச்சரைவிடப் பத்து வயதாவது மூத்தவராக இருப்பார்.

"வாரத்துல இந்த ஒரு நாள்தான் நான் படுக்குறது. கல்யாண மண்டபத்துல இழுக்குற மாதிரி தலைக்கு மேல நாற்காலிய இழுக்குறீங்களே, எத்தனை பேருதான் இருக்கீங்க இங்க?" என்று உள்ளே எட்டிப் பார்த்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டே பேர். "ரெண்டு பேருக்கா இத்தனை நாற்காலி?"

"வருவாங்கன்னு ஒரு நம்பிக்கைதான்கா" என்றார் வீட்டுக்காரர் அசடு வழிந்துகொண்டு.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாவமாக இருந்ததோ என்னவோ, ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். "வாரம் பூரா நின்னே வேலை பாக்குறவ நான். கால் வலிக்குது. கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன். நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டிருங்க."

சண்டைக்கு வந்த லாண்டரி அக்கா இப்படித்தான் அந்தச் சபையின் முதல் அங்கத்தினர் ஆனார்.

அதற்கப்புறம் டீச்சர் வாரநாளிலும் மத்தியானம் பஸ் பிடித்து வந்து இஸ்திரி மேசைக்கு எதிரே உட்கார ஆரம்பித்தார். அக்காவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். டீச்சர் வேதத்தை வாசிப்பார், அக்கா சட்டைக் காலரில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டிக்கொண்டே கேட்பார். நடுநடுவே பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேள்வி கேட்பார். மன்னிப்பைப் பற்றி வாசித்த அன்றைக்குக் கேள்வியே வரவில்லை. தீய்ந்த வாசனைதான் வந்தது. யாருடைய நல்ல சட்டையிலோ பெட்டி அழுத்தமாகப் பதிந்துவிட்டது. வழக்கமாக இதுமாதிரி ஏதாவது நடந்தால் பழி மெஷின் தலையில் விழும். அன்றைக்குச் சட்டைக்காரர் வந்தபோது அக்கா, "மெஷின் இல்ல சார், நான்தான். தங்கச்சிய நினைச்சுக்கிட்டே தீச்சிட்டேன்" என்றார். சட்டைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. பல வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாத தங்கச்சிக்கு அக்கா போன் போட்டது மறுநாள். டீச்சர் அன்று பஸ்ஸுக்கு நடக்கும்போது கால் தரையில் படவில்லை.

லாண்டரி அக்கா சும்மா இருக்கிற ஆள் இல்லை. துணி போட வருகிறவர்களிடமெல்லாம், "மேல ஒரு இடம் இருக்கு, ஞாயித்துக்கிழமை வா, ஏசி நல்லாருக்கும்" என்பார். ஏசிக்காக வந்தவர்களில் பாதிப்பேர் சபையிலேயே நிலைத்துவிட்டார்கள். ஒரு லாரி டிரைவர் வந்தார், ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி வந்தாள், குடும்பங்கள் வந்தன. நாற்காலிகளுக்கு ஒருவழியாக விமோசனம் கிடைத்தது.

சபை வளர்ந்தது. கூடவே டீச்சரும் வளர்ந்தார் என்பதுதான் சிக்கல். கதவைத் திறப்பது அவர். பாட்டு எடுப்பது அவர். யாராவது ஜெபத்தில் வார்த்தை கிடைக்காமல் திணறினால் அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்து, ஆமென் வரைக்கும் கொண்டுபோய் விடுவதும் அவர். டீக்கு எவ்வளவு சர்க்கரை என்பதில்கூடக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். எல்லாம் பாசம்தான், குறை சொல்ல முடியாது.

வேலை ஒப்பந்தம் முடிய ஒரு வருஷம் இருக்கும்போது ஊரிலிருந்து, அனுப்பிய சபையை நடத்தும் மூப்பர் போன் பண்ணினார். ஒப்பந்தம் முடிந்தால் அந்த நாட்டில் தங்க அனுமதியும் முடியும். இருவரும் கிளம்பித்தான் ஆகவேண்டும்.

"நீங்க வந்துட்டா அங்க யாரும்மா இருப்பாங்க? நடத்த ஆள் இல்லேன்னா அந்த ரூமைக் காலி பண்ணிடலாம். இருக்குறவங்கள வேற சபைக்கு அனுப்பிவிடலாம். யோசிச்சு வைங்க."

"யோசிக்க ஒண்ணும் இல்லங்கய்யா. காலி பண்ண வேண்டாம்" என்றார் டீச்சர் பட்டென்று. போனை வைத்த பிறகுதான், எந்தத் தைரியத்தில் அப்படிச் சொன்னோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பதில் அந்த மாதமே கிடைத்தது. நல்ல பதில் இல்லை. ஒரு ஞாயிறு வீட்டுக்காரர் ஏதோ ஆஸ்பத்திரியில் குளிர்சாதனம் நின்றுபோய் ஓடிவிட்டார். டீச்சர் வந்த பஸ் பாதி வழியில் புகைவிட்டுப் படுத்துக்கொண்டது. அடித்துப் பிடித்து, வியர்த்து வழிந்து அவர் வந்து சேர்ந்தபோது, படிக்கட்டு முழுக்க ஜனங்கள். கீழ்ப்படியிலிருந்து பூட்டிய கதவு வரை, கைக்குழந்தையோடு, சிலர் சுவரில் சாய்ந்து, சிலர் உட்கார்ந்து. டீச்சரைக் கண்டதும் எல்லா முகமும் மலர்ந்தது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான், அந்த நிமிஷம் டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்காக இத்தனை பேர் காத்திருக்கிறார்களே என்று மனசு பூரித்துப்போனது.

கீழே நின்ற வாட்ச்மேன்தான் அதில் தண்ணீர் ஊற்றினார். "என்னம்மா உங்க ஆளுங்க! என்கிட்ட இன்னொரு சாவி இருக்கு, திறந்துவிடுறேன்னு எத்தனை தடவை சொன்னேன் தெரியுமா? வேண்டாம்னுட்டாங்க. சரி, வாசல்லயாவது உங்க பாட்டு கீட்டு பாடுங்கன்னேன். அதுக்கும் வேண்டாமாம்."

"டீச்சர் வராம எப்படி?" என்றார் லாண்டரி அக்கா, அதைவிட முட்டாள்தனமான கேள்வி உண்டா என்கிற மாதிரி. "மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

திரும்பி வரும் பஸ்ஸில், வேலை முடிந்து வந்து சேர்ந்துகொண்ட வீட்டுக்காரரிடம் டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கையில் இருந்த கிரீஸ் கறையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"பாத்ததும் பெருமையா இருந்துச்சா?"

"இருந்துச்சு. பொய் சொல்வானேன்."

"நாம கிளம்பினப்புறம் அவங்க எந்தப் படியில நிப்பாங்க?"

டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொடுத்ததில் எல்லோரும் ஒன்றை மட்டும் மிக நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். டீச்சர் இல்லாமல் எதுவும் நடக்காது என்பதை.

மறுநாள் மத்தியானம் இஸ்திரி மேசைமேல் சாவியை வைத்தார்.

"என்ன இது?" என்றார் அக்கா.

"மேல் ரூம் சாவி. இனிமே நீங்கதான்கா திறக்கணும். கூட்டத்தையும் நீங்களும் டிரைவர் தம்பியும்தான் நடத்தணும். நாங்க பின்னால உக்காந்துக்குறோம்."

அக்கா சூடான பெட்டியைத் தொட்டுவிட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார். "விளையாடுறீங்களா? எழுத்துக்கூட்டிப் படிக்கிறவ நான். என் வாயும் ஒரு வாய். அதுல என்ன வரும்னு எனக்கே தெரியாது."

"தங்கச்சிக்குப் போன் பண்ணினீங்களே, யாரு எழுதிக் கொடுத்தா?"

அக்கா ஒரு சட்டையை முழுக்கப் போட்டு முடித்தார், மடித்தார். அப்புறம் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். "தப்பு வந்தா நீங்க புருவத்தத் தூக்கக் கூடாது. அதுக்குச் சம்மதம்னா சரி."

சம்மதம் என்று சொல்லிவிட்டார். இருக்கிறதிலேயே கஷ்டமான ஊழியத்தை டீச்சர் அன்றைக்குத்தான் ஆரம்பித்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருக்கும் ஊழியம்.

அடுத்த ஞாயிறு உள்ளே நுழைந்ததும் முதல் அதிர்ச்சி, நாற்காலி வரிசையைக் காணோம். எல்லாம் வட்டமாகக் கிடந்தன. "முதுகப் பாத்துக்கிட்டு உக்காந்தா எவன் அழுறான், எவன் தூங்குறான்னு எப்படித் தெரியும்?" என்றார் அக்கா. வட்டத்தில் கடைசி வரிசை என்று ஒன்று ஏது? அக்காவே இரண்டு நாற்காலிகளைக் கதவோரம் தனியாகப் போட்டு வைத்திருந்தார். டீ கடைசியில் வராமல் முதலிலேயே வந்தது, அதுவும் பாகு மாதிரி இனிப்போடு. பாட்டு எடுத்தவர் லாரி டிரைவர். அவருக்குக் குரல் உண்டு, ராகம்தான் கிடையாது. ஒரு பாட்டை ஆரம்பித்து வேறொரு பாட்டில் கொண்டுபோய் நிறுத்துவார். டீச்சர் கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கியதில் வாரே கையோடு வந்துவிட்டது. வீட்டுக்காரர் மேலே பார்த்து ஏசியை ஆராய்ந்துகொண்டிருந்தார், சிரிப்பை அடக்க.

சில வாரம் தாக்குப்பிடித்தார். ஒரு ஞாயிறு காணாமல்போன ஆட்டின் கதையை அக்கா சொன்னார். "மேய்ப்பன் அந்த ஆட்டக் கண்டுபிடிச்சதும் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டான். ஆனா சும்மா தூக்கியிருப்பான்னா நினைக்கிறீங்க? வீடு வர்ற வரைக்கும் ஒரே திட்டு. எங்கடி போன, காலு என்னாச்சு, தண்ணி குடிச்சியான்னு."

டீச்சர் எழுந்தே விட்டார். "அக்கா, வேதத்துல அப்படி இல்ல. அவன் சந்தோஷமா..."

"டீச்சர், உக்காருங்க" என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. "கேள்வி இருந்தா கையைத் தூக்குங்க. உங்க முறை வரும்."

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. வாழ்நாளில் அந்த வாக்கியத்தை அவர் எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பார்! உட்கார்ந்தார். கையைத் தூக்கினார்.

"சொல்லுங்க டீச்சர்."

"அவன் சந்தோஷமாத் தூக்கினான்னுதான் எழுதியிருக்குக்கா."

அக்கா யோசித்தார். "சரிதான். சந்தோஷம்தான் பெருசு. திட்டு என் சொந்தச் சரக்கு. எங்கம்மா என்னை அப்படித்தான் தேடி வந்து தூக்கிட்டுப் போவாங்க." வட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். வீட்டை விட்டு வந்து வருஷக்கணக்கான நர்ஸ் பெண். அக்கா பேசிக்கொண்டே எழுந்துபோய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். வரிசையாகப் போட்ட நாற்காலியில் அந்தக் கண்ணீர் டீச்சருக்குத் தெரிந்திருக்காது.

பஸ்ஸில் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். "கோவமா?"

"எனக்கே கையத் தூக்கச் சொல்லிட்டாங்க பாத்தீங்களா?" என்றார் டீச்சர். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீரும். "நல்லாச் சொன்னாங்கல்ல?"

அதற்குப் பிறகு மாதங்கள் ஓடியே போயின. ஆனாலும் மனதின் மூலையில் ஒரு பயம் உட்கார்ந்தே இருந்தது. நாங்கள் கதவோரம் இருக்கிறோம் என்ற தைரியத்தில்தானே இதெல்லாம் நடக்கிறது? அந்த இரண்டு நாற்காலியும் காலியாகிவிட்டால்? மூப்பர் மறுபடி போன் பண்ணினார். "கடைசியாக் கேக்குறேன்மா. யாரு இருப்பாங்க?" டீச்சர், கிளம்பும் முன் உறுதியாகச் சொல்வதாகச் சொல்லி வைத்தார்.

அவர்கள் விமானம் ஏறப்போகிற வாரத்து ஞாயிறு வந்தது. அன்றைக்கென்று சாமான் பெட்டிகளை ஏற்றிப்போக வரவேண்டிய வண்டிக்காரர் நேரத்துக்கு வரவில்லை. ஒருவழியாக வந்தவர், பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டு என்றார், அவிழ் என்றார். வீட்டுக்காரர், "நீ முதல்ல போ. நான் ஏத்திவிட்டுட்டு வர்றேன்" என்று டீச்சரைத் துரத்தினார்.

பஸ் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தவர் கட்டடத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டார். படிக்கட்டில் ஒருத்தரும் இல்லை. ஒரு செருப்புகூட இல்லை. யாரும் வரவில்லையா? விடைகொடுக்கும் வருத்தத்தில் வீட்டிலேயே இருந்துவிட்டார்களா? இல்லை, வந்து பார்த்துவிட்டு, நாங்கள் வரவில்லை என்று திரும்பிப் போய்விட்டார்களா? கால் ஒவ்வொரு படியாகக் கனத்தது.

பாதிப் படியில் காதில் விழுந்தது. ராகம் தறிகெட்டு ஓட, லாரி டிரைவரின் குரல். அதைத் துரத்திக்கொண்டு மற்ற எல்லாருடைய குரலும். இத்தனை மாதம் கேட்டுப் பல்லைக் கடித்த அந்தப் பாட்டு அன்றைக்கு டீச்சருக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்லி முடியாது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

ஏசி ஓடுவதால் கதவு சாத்தியிருந்தது. தட்டினார். தன் அறைக் கதவை அவர் தட்டுவது அதுதான் முதல் தடவை.

கதவைத் திறந்தது முன்பின் பார்த்திராத ஒரு பெண். ஏதோ ஓட்டலில் அறை சுத்தம் பண்ணுகிறவளாக இருக்க வேண்டும், சீருடைமேல் ஒரு துப்பட்டாவைப் போட்டிருந்தாள். போன வாரம், டீச்சரும் வீட்டுக்காரரும் சாமான் கட்டும் வேலையில் வர முடியாமல்போன அன்றைக்கு, முதல் முதலாக வந்தவள். அன்று கூட்டம் நடந்ததா என்று கேட்கக்கூட டீச்சர் பயந்திருந்தார்.

"வாங்கக்கா, வாங்க. புதுசா வர்றீங்களா?" என்றாள் மெல்லிய குரலில்.

டீச்சருக்கு ஆமாம் என்று தலை தானாக ஆடியது.

"யாரு கூட்டிட்டு வந்தாங்க உங்களை?"

வட்டத்தின் நடுவில் லாண்டரி அக்கா நின்றுகொண்டிருந்தார். கதவுப் பக்கம் பார்த்தார், டீச்சரைக் கண்டார், கண் ஒரு கணம் விரிந்தது. பாட்டை நிறுத்தவில்லை. முகவாயால் ஒரு காலி நாற்காலியைக் காட்டிவிட்டு அடுத்த அடியை இன்னும் பலமாகப் பாடினார்.

"லாண்டரி அக்கா" என்றார் டீச்சர். "அவங்கதான்."

"என்னையும் அவங்கதான்." அந்தப் பெண் முகம் பூராவும் சிரித்தாள். கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்காரவைத்தாள். அந்த நாற்காலி இப்போது கதவோரம் தனியாக இல்லை, வட்டத்திலேயே இருந்தது. பாகு மாதிரி இனிக்கும் டீயைக் கொண்டுவந்து கொடுத்தாள். டீச்சர் ஒரு வாய் குடித்தார். அதற்குமேல் முடியவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் தோன்றவில்லை.

பாட்டு முடிந்து அக்கா ஜெபம் பண்ணத் தொடங்கினார். பிரிந்து போகிறவர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து வார்த்தை கிடைக்காமல் திணறினார். டீச்சர் எடுத்துக் கொடுக்கவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். அக்கா மூச்சை இழுத்து விட்டு, தானே தொடர்ந்தார்.

இதற்கிடையே கதவு மறுபடி தட்டப்பட்டது. அந்தப் பெண் போய்த் திறந்தாள். வேர்த்து விறுவிறுத்து நின்ற வீட்டுக்காரரிடம், "வாங்கண்ணா, புதுசா?" என்று கேட்டாள். அவர் முழித்த முழியைப் பார்த்து டீச்சர், கண்ணீரோடு, சத்தமில்லாமல் சிரித்தார். "புதுசுதான். உள்ள விடும்மா" என்பதுபோலக் கையைக் காட்டினார்.

அந்தப் பெண் திரும்பி வந்து டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தாள். புதியவருக்கு ஏன் இப்படி அழுகை என்று அவளுக்குத் தெரிந்ததாகவே நினைத்துக்கொண்டாள். முழங்கையில் கை வைத்துக் காதருகே குனிந்தாள்.

"அழுங்கக்கா, பரவால்ல. போன வாரம் நானும் இப்படித்தான் அழுதேன். இங்க யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. அடுத்த வாரமும் வாங்க, சரியா? நாங்க எல்லாரும் இங்கதான் இருப்போம்."